இண்டியம் ஆக்சைடில் மெத்தனால்: படிக முகமா, வினையின் நடுவே உருவாகும் பரப்பா?

பரப்புத்தேடல் எழுதியது:

வணக்கம். கார்பன் டைஆக்சைடையும் ஹைட்ரஜனையும் சேர்த்து மெத்தனால் ஆக்கும் வினையில் இண்டியம் ஆக்சைடை வினையூக்கியாக வைத்து வேலை செய்கிறேன். காப்பர், பல்லேடியம் எதுவும் சேர்க்கவில்லை, வெறும் ஆக்சைடுதான். அதை இரண்டு வடிவங்களில் தயாரித்திருக்கிறேன். ஒன்று நீளமான நானோ குச்சிகள், மற்றது கனசதுரத் துகள்கள். எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் இரண்டுக்கும் ஒரே படிக அமைப்பு. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் வெளியே தெரியும் படிக முகங்கள், அதாவது துகளின் வெளிப்பக்கமாக நிற்கும் அணுத்தளங்கள், வேறு வேறு.

300 டிகிரி செல்சியஸ், 50 பார் அழுத்தம், ஹைட்ரஜனும் கார்பன் டைஆக்சைடும் 3:1 விகிதம். குச்சிகளில் மெத்தனாலின் பங்கு தெளிவாகவே கூடுதல். கனசதுரத் துகள்களில் கார்பன் மோனாக்சைடு அதிகம் வருகிறது.

இந்த வேறுபாட்டைப் படிக முகத்தின் விளைவு என்று எழுதலாமா? கணக்கீட்டுக் கட்டுரைகளில் (110), (111) என்று எண்ணால் குறிக்கப்படும் ஒரு முகத்தை எடுத்து, அதிலிருந்து ஓர் ஆக்சிஜனை நீக்கி, வினைப்பாதை முழுவதையும் போட்டுக் காட்டுகிறார்கள். அதை என் துகள்களுக்கு அப்படியே பொருத்தத் தயக்கமாக இருக்கிறது. அந்தச் சூட்டில், அந்த அழுத்தத்தில், நீராவிக்கு நடுவே அந்த முகம் அப்படியே நிற்குமா?

உலைமேடை எழுதியது:

முகத்துக்குப் போவதற்கு முன் உலையைச் சரிபார்த்துவிடுங்கள். இரண்டையும் ஒரே வாயு வேகத்தில் ஒப்பிட்டீர்களா, ஒரே மாற்ற அளவில் (உள்ளே போன கார்பன் டைஆக்சைடில் வினைப்பட்ட பங்கு) ஒப்பிட்டீர்களா? இதைப் பொறுத்து உங்கள் முடிவே தலைகீழாகலாம்.

உலைக்குள் இரண்டு வினைகள் போட்டி போடுகின்றன. கார்பன் டைஆக்சைடிலிருந்து மெத்தனால் உருவாவது வெப்பம் உமிழ்வது, மோலுக்கு ஏறத்தாழ 49 கிலோஜூல். கார்பன் மோனாக்சைடு உருவாகும் எதிர்த்திசை நீர்வாயு வினை வெப்பம் கொள்வது, மோலுக்கு ஏறத்தாழ 41 கிலோஜூல். அதனால் வெப்பநிலை ஏற ஏறச் சமநிலை மெத்தனாலுக்கு எதிராகச் சாய்கிறது. போதாததற்கு, உருவான மெத்தனாலே வினையூக்கிப் படுகையின் பின்பகுதியில் சிதைந்து கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் திரும்பிப் போகலாம். உங்கள் கனசதுரத் துகள்கள் அதிக மாற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தால், வெளியே வரும் கார்பன் மோனாக்சைடில் எவ்வளவு நேரடியாக வந்தது, எவ்வளவு மெத்தனால் சிதைந்து வந்தது என்று பிரிக்க முடியாது.

வாயு வேகத்தை மாற்றி, பல மாற்ற அளவுகளில் தேர்வுத்திறனை (மாறியதில் மெத்தனாலாகும் பங்கை) அளந்து, கோட்டைப் பூஜ்ய மாற்றம்வரை நீட்டிப் பாருங்கள். அங்கேயும் இரண்டுக்கும் வேறுபாடு நின்றால் பேச விஷயம் இருக்கிறது. வேகத்தை ஒரு கிராமுக்குச் சொல்லாமல் ஒரு சதுர மீட்டர் பரப்புக்குச் சொல்லுங்கள். குச்சிகளின் பரப்பளவு கூடுதலாக இருந்தால், அதிக மெத்தனால் வருவதற்கு முகத்தைக் காரணம் காட்டத் தேவையே இருக்காது.

அப்புறம், படுகையைச் சிலிக்கான் கார்பைடு கலந்து தளர்த்துங்கள். சூடான புள்ளி ஒன்று உள்ளே இருந்தால் இந்த வினையில் அது நேராகத் தேர்வுத்திறனில் தெரியும்.

அணுத்தளம் எழுதியது:

உலைமேடை சொன்னதை முதலில் செய்யுங்கள். அதைத் தாண்டியும் வேறுபாடு நின்றால், அதற்கான காரணம் பரப்பில் இருக்க வாய்ப்பு அதிகம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உலோகப் பரப்பில் ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு ஒத்த அணுக்களாகப் பிரியும். ஆக்சைடில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. உலோக அயனியும் பக்கத்து ஆக்சிஜனும் ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொள்கின்றன: உலோகத்தின் மேல் ஹைட்ரைடு, ஆக்சிஜனின் மேல் புரோட்டான். ஜிங்க் ஆக்சைடில் இந்த இரண்டையும் அகச்சிவப்பு நிறமாலையில் 1960-களிலேயே பார்த்துவிட்டார்கள். ஜிங்க்-ஹைட்ரஜன் பிணைப்பு 1710 அலையெண் பக்கத்தில், ஹைட்ராக்சில் 3490 பக்கத்தில். ஆக, உலோகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள இடைவெளி, அவை எத்தனை அண்டை அணுக்களோடு பிணைந்திருக்கின்றன என்பதெல்லாம் முதல் படியிலேயே நுழைந்துவிடுகின்றன. படிக முகம் மாறினால் மாறுபவை இவைதாம்.

அடுத்தது ஆக்சிஜன் காலியிடம். இண்டியம் ஆக்சைடில் ஹைட்ரஜன் பரப்பிலிருந்து ஓர் ஆக்சிஜனை நீராக எடுத்துச் செல்கிறது. அந்தக் காலியிடத்தில் கார்பன் டைஆக்சைடு வந்து வளைந்து உட்காருகிறது, அதன் ஓர் ஆக்சிஜன் குழியை நிரப்பியபடி. ஹைட்ரைடு அதன் கார்பனைத் தாக்கினால் ஃபார்மேட் (HCOO), பிறகு மெத்தாக்சி (CH3O), கடைசியில் மெத்தனால். கார்பன் டைஆக்சைடின் ஆக்சிஜன் ஒன்று குழியிலேயே தங்கி, மீதி கார்பன் மோனாக்சைடாகக் கிளம்பிவிட்டால் அது மற்ற வினை. இரண்டு பாதைகளும் ஒரே குழியில்தான் தொடங்குகின்றன. எது நடக்கும் என்பதைக் குழியின் ஆழமும் சுற்றியிருக்கும் இண்டியம் அணுக்களின் நெருக்கமும் தீர்மானிக்கின்றன.

2013-இல் வந்த ஒரு கணக்கீட்டு ஆய்வு (110) முகத்தில் மட்டும் ஆறு விதமான காலியிடங்களை ஒப்பிட்டது. அவற்றில் ஒன்றே ஒன்று மெத்தனாலுக்கு மிக ஏற்றதாக வந்தது. ஒரே முகத்துக்குள்ளேயே ஆறு வகை என்றால், "(110) நல்லது, (111) மோசம்" என்ற வாக்கியத்தில் எவ்வளவு விவரம் தொலைந்துபோகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கம், முகத்துக்கு வேலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. கனசதுரப் படிக அமைப்புள்ள இண்டியம் ஆக்சைடில் (111) தான் மிக உறுதியான முகம். 2020-இல் அறுகோண அமைப்புள்ள இண்டியம் ஆக்சைடை, (104) முகம் அதிகம் வெளித்தெரியும்படி தயாரித்து, கனசதுர அமைப்பைவிட நல்ல செயல்பாடும் தேர்வுத்திறனும் காட்டினார்கள். கணக்கீட்டில் முதலில் பார்த்து, பிறகு அந்த முகத்தையே குறிவைத்துத் தயாரித்த வேலை அது.

பரப்புத்தேடல் எழுதியது:

இருவருக்கும் நன்றி. வாயு வேகத்தை மாற்றி அளந்து பார்த்தேன். குறைந்த மாற்றத்துக்கு நீட்டினாலும் குச்சிகளில் மெத்தனால் தேர்வுத்திறன் கூடுதலாகவே நிற்கிறது. சதுர மீட்டர் கணக்கில் வேறுபாடு சுருங்குகிறது, ஆனால் மறையவில்லை.

காலியிடம்தான் செயல் மையம் என்றால் அதைக் கூட்டினால் போதுமே என்று, வினைக்கு முன் ஹைட்ரஜனில் இன்னும் அதிக வெப்பநிலையில் ஒடுக்கிப் பார்த்தேன். தொடக்கத்தில் பெரிய மாற்றமில்லை. பிறகு செயல்பாடு இறங்கிக்கொண்டே போனது, கனசதுரத் துகள்களில் இன்னும் வேகமாக. எக்ஸ்பிஎஸ் (எக்ஸ் கதிர் ஒளிமின்னணு நிறமாலை) அளவீட்டில் ஆக்சிஜன் 1எஸ் பகுதியில் 531.5 எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் வரும் முகட்டைக் காலியிடம் என்று எடுத்துக்கொண்டால், இரண்டிலும் அது கூடியிருக்கிறது. காலியிடம் கூடி, செயல்பாடு குறைவது எப்படி?

கதிர்வழி எழுதியது:

> 531.5 எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் வரும் முகட்டைக் காலியிடம் என்று எடுத்துக்கொண்டால்

எடுத்துக்கொள்ளாதீர்கள். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் நல்ல கட்டுரைகளைக்கூட இது கெடுத்துவைத்திருக்கிறது. காலியிடம் என்பது ஆக்சிஜன் இல்லாத இடம். இல்லாத அணுவிலிருந்து எலக்ட்ரான் வெளிவராது. அந்தப் பகுதியில் வருவது பெரும்பாலும் ஹைட்ராக்சில், கார்பனேட், ஒட்டியிருக்கும் நீர். காற்றில் எடுத்துச் சென்று அளந்த மாதிரியில் இவை வராமல் இருந்தால்தான் வியப்பு. காலியிடம் அதிகமுள்ள பரப்பு நீரைப் பிரித்து ஹைட்ராக்சில் ஆக்கும் என்பதால் மறைமுகத் தொடர்பு இருக்கலாம். ஆனால் அந்த முகட்டின் பரப்பளவைக் காலியிட எண்ணிக்கை என்று வரைபடத்தில் போடுவதற்கு அது போதாது.

இப்போது உங்கள் உண்மையான கேள்வி. ஹைட்ரஜன் ஓர் ஆக்சிஜனோடு நிற்காது. எடுத்துக்கொண்டே போனால் பரப்பில் உலோக இண்டியம் பிறக்கும். இண்டியத்தின் உருகுநிலை ஏறத்தாழ 157 டிகிரி. உங்கள் உலை 300-இல் இருக்கிறது. அதாவது பிறக்கும்போதே திரவம். அது துளியாகத் திரண்டு நகர்ந்தால், நீங்கள் பாடுபட்டுத் தயாரித்த முகம் அதன் அடியில் போய்விடும். 2019-இல் வினை நடக்கும்போதே எக்ஸ் கதிர் உறிஞ்சுதலை அளந்து, இண்டியம் ஆக்சைடு நானோ துகள்கள் இந்த வழியில் போவதைக் காட்டியிருக்கிறார்கள். முதலில் கொஞ்சம் ஒடுங்கிச் செயல்பாடு கூடுகிறது, ஒரு கட்டம் நிலையாக இருக்கிறது, பிறகு மிகை ஒடுக்கத்தில் உலோகமாகிச் சரிகிறது. நீங்கள் சொன்ன சரிவு இதே வகையாக இருக்கலாம். வெளியே எடுத்த மாதிரியில் உலோக இண்டியத்தின் விளிம்பு விளைவுக் கோடுகள் தெரிகின்றனவா பாருங்கள்.

ஆகவே நான் காலியிட எண்ணிக்கையைக் கேட்க மாட்டேன். ஹைட்ரஜன் ஆக்சிஜனை எடுக்கும் வேகமும், கார்பன் டைஆக்சைடும் நீரும் அதைத் திருப்பிக் கொடுக்கும் வேகமும் எங்கே சமன்படுகின்றன என்று கேட்பேன். படிக முகம் இந்த இரண்டு வேகங்களையும் மாற்றுகிறது. உங்கள் கனசதுரத் துகள்கள் சீக்கிரம் சரிவதைப் பார்த்தால், அவை ஆக்சிஜனை எளிதாக விட்டுவிட்டு மீட்கத் திணறுகின்றன என்று தோன்றுகிறது. இதைச் சோதிக்கலாம். ஒடுக்கிய பிறகு கார்பன் டைஆக்சைடைச் சிறு சிறு துடிப்புகளாக அனுப்பி, வெளிவரும் கார்பன் மோனாக்சைடை எண்ணுங்கள். நிரம்பிய குழிகளின் எண்ணிக்கை நேரடியாகக் கிடைக்கும். பரப்பில் படியும் கார்பனேட்டைக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

உலைமேடை எழுதியது:

இதில் ஒன்று சேர்க்க வேண்டும். இரண்டு வினைகளுமே மாறும் ஒவ்வொரு கார்பன் டைஆக்சைடுக்கும் ஒரு நீர் மூலக்கூறை விடுகின்றன. படுகையின் வாயிலில் நீர் கிட்டத்தட்ட இல்லை, வெளிவாயிலில் நிறைய இருக்கிறது. ஆகவே ஒரே குழாய்க்குள் வாயிலில் இருக்கும் துகளின் பரப்பும் கடைசியில் இருக்கும் துகளின் பரப்பும் ஒன்றாக இருக்காது. பயன்படுத்திய படுகையை மொத்தமாகக் கலந்து அளக்காமல், மேல், நடு, கீழ் என்று தனித்தனியாக எடுங்கள். மிகை ஒடுக்கம் வாயிலில் தொடங்கியிருந்தால் கதிர்வழி சொல்வது வலுப்படும்.

துத்தம் எழுதியது:

இண்டியத்தில் மட்டும் நிற்காமல் ஜிங்க் ஆக்சைடையும் பார்த்தால் இந்தக் கேள்வி எவ்வளவு பழையது என்று புரியும். 1923-இல் பிஏஎஸ்எஃப் நிறுவனம் தொடங்கிய மெத்தனால் தயாரிப்பே ஜிங்க் ஆக்சைடும் குரோமியம் ஆக்சைடும் சேர்ந்த வினையூக்கியில்தான். 300 முதல் 400 டிகிரி, 250 பாருக்கு மேல் அழுத்தம். 1966-இல் ஐசிஐ நிறுவனம் காப்பர்-ஜிங்க் ஆக்சைடு வழியைக் கொண்டுவந்த பிறகுதான் 50 முதல் 100 பாரில் வேலை முடிந்தது.

ஜிங்க் ஆக்சைடின் அமைப்பு முகக் கேள்விக்கென்றே அமைந்தது போல இருக்கும். படிகத்தின் ஒரு முனை முழுக்க ஜிங்க், எதிர் முனை முழுக்க ஆக்சிஜன், பக்கவாட்டு (10-10) முகத்தில் இரண்டும் சமமாக. அந்த இரண்டு முனைகளும் மின்முனைவு உள்ளவை. வெட்டியபடி அப்படியே நிற்க அவற்றால் முடியாது, ஏதாவது ஒரு வழியில் மின்சுமையைச் சரிக்கட்டியே ஆக வேண்டும். ஜிங்க் முனை முக்கோண வடிவத் தீவுகளும் பள்ளங்களுமாக உடைந்து, ஆக்சிஜன் நிறைந்த படிவிளிம்புகளை உண்டாக்கிக்கொள்கிறது. வருடும் சுரங்கப்பாய்வு நுண்ணோக்கியில் (STM) 2003-இல் அழகாகக் காட்டினார்கள். ஆக்சிஜன் முனை ஹைட்ரஜனைப் போர்த்திக்கொள்கிறது, இல்லையென்றால் ஆக்சிஜனை இழக்கிறது. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சேரும் வினையில் அந்த ஆக்சிஜன் முனையிலுள்ள காலியிடங்கள்தான் செயல் மையம் என்று 2005-இல் ஓர் ஆய்வு வாதிட்டது.

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், சுத்தமான முகம் என்ற ஒன்று உலைக்கு வெளியே, வெற்றிடத்தில்கூட நிற்பதில்லை. உள்ளே போனால் கேட்கவே வேண்டாம். படிக முகத்தின் பெயரைச் சொல்லிச் செயல்பாட்டை விளக்கும் பழக்கத்தையே விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

அணுத்தளம் எழுதியது:

அந்தக் கடைசி வாக்கியத்தோடு எனக்கு உடன்பாடில்லை, துத்தம். பரப்பு மாறுகிறது என்பது சரி. எல்லா முகமும் மாறி ஒரே இடத்தில் போய் நிற்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை.

சீரியம் ஆக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். குச்சியில் (110), (100) முகங்கள், கனசதுரத்தில் (100), எண்முகியில் (111). ஆக்சிஜனை நீக்க (110) இல் குறைந்த ஆற்றல் போதும், (111) இல் அதிகம் வேண்டும். இந்த மூன்றின் மேலும் பல்லேடியத்தை ஏற்றி மெத்தனாலுக்கு ஓட்டிய 2020 ஆய்வில் குச்சிகள்தான் முன்னால் நின்றன. ஜிங்க் ஆக்சைடிலேயும், தட்டு வடிவத்தில் காப்பரை ஏற்றியபோது குச்சி வடிவத்தைவிட மெத்தனால் தேர்வுத்திறன் கூடியது. மின்முனைவுள்ள முகம் அதிகம் தெரிவது தட்டில்தான். எல்லாம் வினையில் கரைந்து ஒன்றாகிவிடும் என்றால் இந்த வேறுபாடுகள் நிற்கக் கூடாது.

தொடக்க முகம் முடிவைத் தருவதில்லை, போகும் வழியைத் தருகிறது. எங்கே முதல் குழி விழும், அது தனியாக இருக்குமா, பக்கத்தில் இன்னொன்றை அழைக்குமா என்பதெல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

துத்தம் எழுதியது:

சரி, அந்த அளவுக்கு ஏற்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு எடுத்துக்காட்டிலும் உலோகம் ஏறியிருக்கிறது. அங்கே ஆக்சைடின் முகம் உலோகத்தோடு சேரும் எல்லைக்கோட்டைத்தான் மாற்றுகிறது. காப்பர்-ஜிங்க் ஆக்சைடில் அந்த எல்லைக்கோடு என்னவென்று இன்னும் சண்டை நடக்கிறது. 2012-இல் வந்த ஆய்வு, படிவிளிம்புள்ள காப்பர் பரப்பில் ஜிங்க் கலந்திருப்பதே செயல் மையம் என்றது. 2017-இல் வந்த இன்னொன்று, ஜிங்க்-காப்பர் கலவைப் பரப்பு வினையின்போது ஆக்சிஜனேற்றம் அடைந்து, காப்பரின் மேல் ஜிங்க் ஆக்சைடாக மாறிய பிறகே அதே அளவு வேகம் வருகிறது என்றது. நடுவில் 2015-இல், தொழிற்சாலை வகை வினையூக்கியில் ஒடுக்கத்துக்குப் பிறகு காப்பர் துகளைச் சுற்றி கிராஃபைட் போன்ற தட்டையான ஜிங்க் ஆக்சைடு படலம் போர்த்தியிருப்பதைப் படமெடுத்தார்கள். தொழிலில் 50 ஆண்டுக்கு மேல் ஓடும் வினையூக்கிக்கே இந்த நிலை.

உலோகமே இல்லாத, ஒழுங்கான முகமும் தேவைப்படாத எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் ஜிங்க்-சிர்க்கோனியம் ஆக்சைடு திண்மக் கரைசல் (ஒன்றின் படிகத்துக்குள் மற்றதன் அணுக்கள் கலந்தது) இருக்கிறது, 2017-இல் வெளிவந்தது. 315 முதல் 320 டிகிரி, 50 பாரில், ஒருமுறை கடக்கும்போதே 10 சதவீதத்துக்கு மேல் மாற்றம், 86 முதல் 91 சதவீதம் மெத்தனால் தேர்வுத்திறன், 500 மணி நேரத்துக்கு மேல் சரிவில்லை. ஜிங்கை ஹைட்ரஜன் பிடிக்கிறது, பக்கத்துச் சிர்க்கோனியத்தை கார்பன் டைஆக்சைடு பிடிக்கிறது. ஊட்டத்தில் கொஞ்சம் கந்தகச் சேர்மம் கலந்தும் தாங்கியது. காப்பரால் அது முடியாது. அதில் முக்கியமாக இருப்பது இரண்டு அயனிகள் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பது, முகத்தின் எண் இல்லை.

கதிர்வழி எழுதியது:

சிர்க்கோனியா (சிர்க்கோனியம் ஆக்சைடு) பேச்சு வந்ததால் பரப்புத்தேடலுக்கு ஒரு வழி சொல்கிறேன். 2016-இல் இண்டியம் ஆக்சைடைச் சிர்க்கோனியாவின் மேல் ஏற்றி, 300 டிகிரி, 50 பாரில் 1000 மணி நேரம் நிலையாக ஓட்டினார்கள், தேர்வுத்திறன் 100 சதவீதம். தாங்கி எதுவாக இருந்தாலும் இது வராது. மோனோகிளினிக் வடிவச் சிர்க்கோனியா இண்டியத்தைத் தன் படிக அமைப்புக்குள் இழுத்து, ஆக்சிஜனேற்ற நிலையில் காப்பாற்றுகிறது. டெட்ராகோனல் வடிவம் அந்த அளவுக்குச் செய்வதில்லை. வேதியியலில் ஒரே சிர்க்கோனியா, அணுக்களின் அடுக்கு மட்டும் வேறு. அமைப்பின் விளைவுக்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. குச்சி, கனசதுரம் இரண்டிலும் கொஞ்சம் சிர்க்கோனியம் சேர்த்து ஓட்டுங்கள். சரிவு நின்று, மெத்தனால் வேறுபாடும் மறைந்தால் காரணம் மிகை ஒடுக்கம். சரிவு நின்றும் வேறுபாடு நின்றால் முகத்தின் பங்கைப் பற்றித் தைரியமாக எழுதலாம்.

பரப்புத்தேடல் எழுதியது:

பயன்படுத்திய கனசதுரத் துகள்களில் உலோக இண்டியத்தின் கோடுகள் இருக்கின்றன. வாயில் பக்கத்து மாதிரியில் வலுவாகவும், கீழே மிகவும் மங்கலாகவும். குச்சிகளில் எங்கேயும் தெரியவில்லை. கட்டுரையில் "முகத்தின் விளைவு" என்ற தலைப்பை எடுத்துவிட்டு, இரு வடிவங்களும் ஒடுக்கத்தை எப்படித் தாங்குகின்றன என்பதை முன்னால் வைக்கப்போகிறேன். சிர்க்கோனியம் சேர்த்த மாதிரிகளையும் தயார் செய்கிறேன்.

ஒரு கேள்வி மிச்சம். வினையின்போதே எடுத்த அகச்சிவப்பு நிறமாலையில் இரண்டிலும் ஃபார்மேட் பலமாகத் தெரிகிறது, 1590, 1370 அலையெண் பக்கத்தில். 2870-இலும் உண்டு. குச்சிகளில் கூடுதல். இதை வினைப்பாதைக்குச் சான்றாகக் காட்டலாமா?

அணுத்தளம் எழுதியது:

தனியாகக் காட்ட முடியாது. நிறமாலையில் பலமாகத் தெரிவது நகராமல் உட்கார்ந்திருப்பதாகவும் இருக்கலாம், வேகமாக மாறுவது தெரியாமலே போகலாம். நிலையாக ஓடும்போது கார்பன் 12-ஐக் கார்பன் 13-ஆக மாற்றிவிட்டு, ஃபார்மேட் முகடு இடம்பெயரும் வேகத்தையும் மெத்தனாலில் கார்பன் 13 ஏறும் வேகத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக நடந்தால் அந்த ஃபார்மேட் பாதையில் இருக்கிறது. மெத்தனால் முழுக்க மாறிய பிறகும் பழைய ஃபார்மேட் அங்கேயே இருந்தால் அது பார்வையாளர். குச்சிகளில் முகட்டின் உயரம் கூடுதல் என்பதைவிட, எந்த வடிவத்தில் அதன் எவ்வளவு பங்கு உண்மையில் மாறுகிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய எண்.

கதிர்வழி எழுதியது:

மாதிரியை வெளியே எடுக்கும் முறையையும் மாற்றுங்கள். வினை வாயுவிலேயே குளிரவிட்டால் நீர் படிந்து குழிகள் நிரம்பிவிடும். காற்று பட்டாலும் அதே கதி. வினை வெப்பநிலையிலேயே ஆர்கானுக்கு மாற்றி, அழுத்தத்தை இறக்கி, உடனே குளிரவைத்து, இரு பக்கமும் அடைத்த குழாயோடு கையுறைப் பெட்டிக்குள் கொண்டுபோய்த் திறங்கள். கனசதுரம், குச்சி இரண்டுக்கும் குளிரும் நேரம் ஒன்றாக இருக்கட்டும்.